தூண்டிலைத் தொடக்கூடாதவன்

கண்மாய்க் கரையில் அன்று இருந்தவர்கள்: கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்தவர், அருப்புக்கோட்டைக்காரர். அவருடைய காவலாள், கையில் கம்பு. என் அண்ணன், அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனவர். பிறகு நான்.

யுத்த காலம். தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றிவிட்டது. மறுநாள் வலை இறங்கும். தூண்டிலுக்கு அதுதான் கடைசி நாள். தூண்டில் போட ஆளுக்கு ஒரு சீட்டு. காகிதம் கிடைக்காத நேரம் என்பதால் பனையோலை நறுக்கில் கரிமுத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அதை அரைஞாணில் முடிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன் மகள் எங்கள் வீட்டில் பிள்ளை பெற்று எட்டு நாள். விரால் குழம்பு கொடுத்தால் உடம்பு தேறும் என்றார்கள். நான் பிடித்து வருகிறேன் என்றேன். அண்ணன் ஒப்பவில்லை. அவருக்குக் கண் இல்லாததால் அவளைக் கட்டிக்கொடுத்தது நான், சீர் செய்தது நான். இதையாவது தன் கையால் கொடுக்க வேண்டும் என்றார். மீன் இழுப்பது அவர் கைக்கு நன்றாகத் தெரியும். புழு கோர்க்கவும் மீனை முள்ளிலிருந்து கழற்றவும்தான் ஆள் வேண்டும். அவருக்கு ஒரு சீட்டு வாங்கினேன்.

முதல் புழுவைக் கோர்க்கும்போதே காவலாள் கம்பைக் குறுக்கே நீட்டினான். அண்ணன் அரைஞாணைக் காட்டினார்.

"அது அவுகளுக்கு. ஒனக்கு எங்க?"

நான் மீன் பிடிக்கவில்லை, புழுதான் கோர்க்கிறேன் என்றேன். தூண்டிலைத் தொட்டாலே பிடித்த மாதிரிதான் என்றான். ஒரு சீட்டில் மூன்று பேர் வந்து அள்ளிப்போகிறார்களாம். குத்தகைக்காரரிடம் போய் எனக்கும் ஒன்று கேட்டேன். அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். தூண்டில் இல்லாதவனுக்குச் சீட்டு கிடையாது என்றார்.

"சீட்டு இல்லாமத் தொடக்கூடாதுங்கிறீக. தூண்டில் இல்லாமச் சீட்டு இல்லங்கிறீக. நான் என்னதான் செய்யட்டும்?"

"வீட்டுல போயி ஒண்ணு எடுத்துட்டு வா."

போக வர நாலு மைல், வெயிலில். எடுத்து வந்து, ஓலை வாங்கி முடிந்துகொண்டு, அண்ணன் தூண்டில் முள்ளைக் கையில் எடுத்தேன். மறுபடி கம்பு.

"ஒஞ்சீட்டு ஒந்தூண்டிலுக்கு. அவுக தூண்டில அவுகதான் தொடணும்."

அண்ணன் குரல் வந்த பக்கம் திரும்பினார். "காவக்காரரே, எந்தச் சீட்டுல கடிக்கணும்னு மீனுக்குச் சொல்லிட்டீகளா?"

காவலாளுக்குச் சிரிப்பு வந்தது. குத்தகைக்காரர் இருந்த பக்கம் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"ஏலே, நீ தள்ளி உக்காரு," என்றார் அண்ணன் என்னிடம்.

தள்ளி உட்கார்ந்தேன். என் தூண்டிலைப் போடவில்லை. அதில் விரால் விழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அவர் சிரட்டையில் துழாவிப் புழு எடுத்தார். பாதி கீழே விழுந்தது. முள் கட்டைவிரலில் இரண்டு தடவை ஏறியது. துடைத்துக்கொண்டார்.

வெயில் சாயும்போது விரால் விழுந்தது. முழங்கை நீளம் இருக்கும். கரைக்கு இழுத்துவிட்டார். முள்ளை விட்டுச் சேற்றில் துள்ளியது. இரண்டு கையாலும் தடவினார். அது வலப்பக்கம் கிடந்தது, அவர் இடப்பக்கம் தடவினார். எனக்கு ஒரு எட்டுத்தான். நான் எழுந்தேன். கம்பு என் நெஞ்சில் இருந்தது. வலப்பக்கம் என்று நான் கத்தி முடிக்குமுன் தண்ணீரில் சளக்கென்று சத்தம் கேட்டது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த புழுவைத் தேடினார்.

வீட்டுக்கு வரும்வரை மீன் போட்ட ஓலைப்பெட்டியை அவர் என்னிடம் தரவில்லை. மகள் வாங்கித் திறந்து எண்ணினாள்.

கெண்டைக்குஞ்சு, ஏழு.