நெல்லால் செய்த அம்புக்குறி

என் கல்யாணத்துக்கு வேண்டிய பலகைகளை நானே செய்துகொண்டேன். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. டவுனில் கட்சிக் கூட்டங்களுக்குத் தட்டி எழுதுபவர் எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு வேண்டியவர்தான். அவர் எழுதினால் கல்யாணமும் பொதுக்கூட்டம் போலத் தெரியும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கைவேலைக்கு முதல் பரிசு வாங்கியவள் நான். என் கல்யாணத்துக்கு இன்னொருவர் எழுதுவதா?

கள்ளிப்பெட்டிப் பலகைகளைச் சேர்த்து ஆணி அறைந்தேன். சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து பூசினேன். கரியால் எழுத்து வரைந்து, மைதாப் பசை தடவி, அதன்மேல் நெல்லைத் தூவி அழுத்தினேன். ஓரத்துக்குக் கறுப்பு உளுந்து. காய்ந்ததும் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். தங்கம் தோற்றது போங்கள். அது சும்மா வந்த நெல்லும் இல்லை. கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்று எங்கள் தெருவே உட்கார்ந்து, போலீஸ் வேன் வந்து நின்று, அந்த அறுவடையில் கடைசியில் கூலியாகக் கிடைத்த நெல்.

“சோறாக வேண்டியதை எழுத்தாக்கிட்டியேடி” என்று அம்மா அங்கலாய்த்தாள்.

பந்தல் வாசலுக்கு ‘நல்வரவு’. மேடைக்கு ‘மணமக்கள் வாழ்க’. மூன்றாவது பலகையில்தான் வினை. அதில் ‘மணமகள் இல்லம்’ என்று எழுதி, கீழே முழ நீளத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தேன். அது பஸ் நிறுத்தத்தில் கட்டுவதற்கு.

பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் தெருவுக்கு இரண்டு வழி. நேர்வழி, நிலக்காரர்கள் குடியிருந்த பெரிய தெரு. சுற்றுவழி, வாய்க்கால் கரை. நடுவில் ஒற்றைப் பனைமரத்தைக் கிடத்திய பாலம். பெரிய தெருவில் நாங்கள் நடக்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. நாங்கள் குடியிருந்த மனைக்கு அரசாங்கம் பட்டாவே கொடுத்துவிட்டது. ஆனாலும் வேலையாக அந்தத் தெருவுக்குள் போனால் அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். எங்கள் விருந்தாளிகளும் யாரும் சொல்லாமலே வாய்க்கால் கரையாக வருவார்கள்.

என் அம்பு பெரிய தெருவைக் காட்டியது.

பலகையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறியது. “கூலி கேட்டது வேற, இது வேறம்மா. நல்ல காரியம் நடக்குற நேரத்துல வம்பு எதுக்கு? கரையோடவே வரட்டும்.”

“பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வர்றவங்க பனைமரத்துல தொத்திக்கிட்டு வரணுமாப்பா? நான் மாத்த மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் முன்னால் நின்ற மனிதர், ஒரு தெருவைக் கண்டு ஏன் இப்படிச் சுருங்குகிறார்? கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் நானே போய், டீக்கடை எதிரே இருந்த மின்கம்பத்தில் பலகையைக் கட்டிவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலை, முதல் பஸ்ஸில் வந்த சித்தி புடவை ஓரமெல்லாம் சேறாக உள்ளே நுழைந்தாள். “போர்டுல அம்பைக் காணோமேடி. அதான் பழைய வழியிலேயே வந்துட்டேன்.”

பெரிய தெருக்காரர்கள்தான் பிய்த்துவிட்டார்கள் என்று எங்கள் தெரு கொதித்தது. நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போனவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். கம்பத்தடியெல்லாம் ஆட்டுப் புழுக்கையாம். பசைக்காகச் சுவரொட்டியையே விட்டுவைக்காத ஆடுகளுக்கு நான் நெல்லும் உளுந்தும் சேர்த்துப் பரிமாறியிருக்கிறேன். வாய்க்கு எட்டிய மட்டும் தின்றுவிட்டன. எட்டியது அம்பு. இத்தனைக்கும் அவை எங்கள் தெரு ஆடுகள். பலகையை இன்னும் உயரக் கட்டியிருக்கலாம். நெல்லில் எழுதியதை மட்டும் தப்பென்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூதலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். ஊருக்குப் புதியவர்கள். டீக்கடையில் கேட்டால், எங்கள் வீடென்றதும் வாய்க்கால் கரையைத்தான் காட்டுவார்கள். நான் ஓடிப்போய்க் கரியாலாவது ஓர் அம்பு போட்டுவிட்டு வரலாமென்று எழுந்தேன். சடங்கே வேண்டாமென்ற கல்யாணத்திலும் நலங்கை மட்டும் விடாத அம்மா, நலங்கு வைத்த பெண் வாசல் தாண்டக் கூடாதென்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைக் கூப்பிட்டால் ஆளைக் காணவில்லை. இனி அவ்வளவுதான், கரை வழிதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு மேளம் கேட்டது. சத்தம் பெரிய தெருவிலிருந்து வந்தது.

மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டார். “பஸ்ஸை விட்டு இறங்கினா, கம்பத்துக்குக் கீழ ஒருத்தர் கையை நீட்டிக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. இந்தத் தெருவாவே போங்க, நேரா போங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கிட்டப் போய்ப் பாத்தா நம்ம சம்பந்தி! தெருவுல அவங்கவங்க வாசல்ல நின்னு பாத்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

“துண்டு எங்க இருந்துச்சுங்க?” என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. “தோள்லதான். வேற எங்க இருக்கும்?”

நான் அழுதேன். பிறந்த வீட்டைப் பிரியும் அழுகை என்று அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

தாலி கட்டலாமா என்று சங்கத் தலைவர் கேட்டார். அப்பா வரட்டும் என்றேன். இன்னும் ஒரு பஸ் இருக்கிறதாம், அதில் வருபவர்களையும் அனுப்பிவிட்டுத்தான் வருவாராம் என்று ஒருவர் வந்து சொன்னார். புரோகிதர் இல்லாத கல்யாணம், தவறிப்போக முகூர்த்தமும் இல்லை. மாலையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய தெருப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.