மலையேறும் சப்பாத்தும் என் வாயும்

என் காலைப் பிறர் தொட்டால் எனக்குக் கூசும். அதுவும் என்னைவிட மூத்த ஒரு மனிதர், நரைத்த தாடியோடு, தரையில் முழந்தாளிட்டு என் குதிகாலைக் கையில் ஏந்தினால்? ஸ்டுட்கார்ட்டில் மலைச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் அதுதான் நடந்தது. என் கால்விரல் அவருடைய முழங்கையில் பட்டுவிட்டது. நான் சட்டென்று குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தோளில் ஏதோ தூசு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அவர் தட்டிவிட்டார். பக்கத்தில் நின்ற என் மகள் முகத்தை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அங்கே போனதே அவளால்தான். படிப்பு முடிந்து அவளுக்கு ஜெர்மனியின் வடக்கே, தூரத்து ஹனோவரில் வேலை கிடைத்திருந்தது. பனி உருகியதும் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் ஸ்கி பழகியவள், இப்போது கயிற்றுவண்டியை நம்பாமல், ஸ்கியை மாட்டிக்கொண்டு நடந்தே மலை ஏறுகிற கூட்டத்தில் ஒருத்தி. “போக முதல் ஒருக்கா என்னோட மேல வாங்கோ அம்மா” என்று கேட்டாள். நான் நாற்பது தாண்டித்தான் ஸ்கி பழகினேன், அதுவும் அவள் இழுத்த இழுப்பில். சின்னச் சரிவுகளில் விழாமல் இறங்குவேன். ஏறுவது வேறு சங்கதி. அதற்கென்று தனிச் சப்பாத்து இருக்கிறது. பின்பக்கத்துப் பூட்டைத் திறந்துவிட்டால் கணுக்கால் அசைந்துகொடுக்கும், ஏறலாம். பூட்டினால் அசையாமல் நிற்கும், சறுக்கி இறங்கலாம்.

வளர்ந்த பிள்ளை தாயிடம் ஆசையாக ஒன்று கேட்பது லேசில் நடக்கிற காரியமில்லை. மேலே இருக்கிற மலைக்குடில்வரை எப்படியாவது அவளோடு ஏறிவிட வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

கடைக்காரர் பொறுமைசாலி. சப்பாத்தின் உள்மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் வெளிக்கோதுக்குள் காலை வைக்கச் சொன்னார். விரல்களை முன்னால் முட்டவைத்து, குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களை விட்டுப் பார்த்தார். “இடம் அதிகம். ஒரு அளவு சின்னது வேண்டும்” என்றார். அதைக் கொண்டுவந்து போட்டால் பெருவிரல் நுனி முட்டியது. “நேரே நின்றால் இலேசாக முட்டத்தான் வேண்டும். முழங்காலை மடியுங்கள், விரல் பின்னால் வந்துவிடும்” என்றார்.

நான் மடிக்கவில்லை. வளர்கிற பிள்ளைக்கு என்று ஒரு அளவு பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுவிடுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். என் வளர்ச்சி எப்போதோ நின்றுவிட்டது, அந்தப் புத்தி நிற்கவில்லை. அதைவிட, அந்த மனிதர் என் காலடியிலிருந்து எழும்பினால் போதும் என்றிருந்தது. “பெரியதே நல்லாயிருக்கிறது” என்றேன். குதிகால் எழும்புகிறதா என்று கேட்டார். இல்லை. எங்கேயாவது அழுத்துகிறதா? இல்லை, எல்லாம் நல்லாயிருக்கிறது. அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு, வாங்குமுன் ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள் என்றார்.

அடுத்த சனிக்கிழமை அல்காய் மலைப்பக்கம் போனோம். இடைவெளியை நிரப்புகிற கெட்டித்தனத்தில் நான் இரண்டு சோடி சொக்ஸ் போட்டிருந்தேன். கொஞ்சத் தூரத்திலேயே ஒவ்வொரு அடிக்கும் குதிகால் எழும்பி எழும்பி உரசத் தொடங்கியது. முன்னால் போன மகள் திரும்பி, “நோகுதோ அம்மா?” என்றாள். “இல்லைப் பிள்ளை, நீ போ.” இன்னும் கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் இல்லை என்றேன். கடைசியில் என் நடையைப் பார்த்து அவளே வந்து சப்பாத்தைக் கழற்றினாள். தோல் உரிந்து சொக்ஸில் இரத்தம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

“டொக்டரிட்டப் போனாலும் நல்லாயிருக்கு. வேலையில என்ன நடந்தாலும் நல்லாயிருக்கு. நான் ஹனோவரில இருந்து ஃபோன் எடுக்கேக்க நீங்கள் நல்லாயிருக்கு எண்டு சொன்னா, நான் என்னெண்டம்மா நம்புறது?”

குடிலின் கூரை மேலே தெரிந்தது. நாங்கள் கீழே இறங்கினோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள்மேல் கோபமாகவும் இருந்தது, அவள் சொன்னது சரி என்பதால்.

புண் ஆறியதும், முன்கூட்டியே நேரம் கேட்டு டெர்மின் எடுத்துக்கொண்டு இருவரும் அதே கடைக்குப் போனோம். மனிதர் மறுபடியும் முழந்தாளிட்டார். இந்தமுறை நான் வாயைத் திறந்தேன். எங்கள் வழக்கத்தில் மூத்தவர்மேல் கால் படக்கூடாது, நீங்கள் கீழே இருப்பது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, அதனால்தான் அன்றைக்கு எல்லாம் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எனக்கும் முழங்கால் நோகிறது, அம்மணி. நீங்கள் உள்ளதைச் சொன்னால் நானும் சீக்கிரம் எழும்பலாம்.”

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. சின்ன அளவைப் போட்டு முழங்காலை மடித்தேன். சொன்னபடியே விரல் பின்னால் வந்தது. உள்மெத்தையைச் சூடாக்கி, மெல்லிய ஒற்றைச் சொக்ஸோடு காலை விடச் சொன்னார். வெதுவெதுப்பாக என் காலின் வடிவத்துக்கு அது படிந்தது. சின்னவிரல் பக்கம் அழுத்துகிறது என்றேன். என் கால் முன்னுக்கு அகலம், அந்த இடத்தில் வெளிக்கோதைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். தள்ளினார். இன்னும் ஒரு பொட்டு என்றேன். “காணும் அம்மா, பாவம் அந்த மனுசன்” என்றாள் மகள். நான் விடவில்லை.

அவள் போவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், வெயில் எறித்த ஒரு காலையில் மறுபடி ஏறினோம். குதிகால் அசையவே இல்லை. பாதி தாண்டியதும் கணுக்காலுக்கு மேலே, முன்காலில் ஏதோ அழுத்தியது. பழைய நாக்கு ஒருகணம் தயங்கியது.

“நில் பிள்ளை,” என்றேன். “எனக்கு முன்கால் நோகுது.”

அவள் திரும்பி வந்து, தன் ஸ்கியைக் கழற்றிவிட்டு, பனியில் முழந்தாளிட்டு மேல் பட்டியைத் தளர்த்தினாள். என் கை கண்ணுக்குப் போகவில்லை. அவளுடைய கம்பளித் தொப்பிமேல் போய் இருந்தது. அவள் நிமிராமலே சொன்னாள்:

“அம்மா, எனக்கு ஹனோவர் போகப் பயமாக் கிடக்கு. நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்லை.”

இவ்வளவு நாளும் அவளும் என்னிடம் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். என் பிள்ளையல்லவா.

“எனக்கும் பயம்தான் பிள்ளை,” என்றேன். “நீ போனா வீடு வெறிச்செண்டு கிடக்கும்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். குளிராகவும் இருக்கலாம். பிறகு பட்டியை ஒருமுறை தட்டி, “இப்ப எப்பிடி?” என்றாள். நான் முழங்காலை மடித்து, நிமிர்ந்து, மறுபடி மடித்துப் பார்த்தேன்.

“இப்ப நல்லாயிருக்கு.”

அவள் அண்ணாந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாள். எழும்பி, ஸ்கியை மாட்டிக்கொண்டு, குடிலை நோக்கி முன்னால் நடக்கத் தொடங்கினாள். அதன்பிறகு அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.