மினுங்கும் புகையிலைச் செடி

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். கொப்புள நோய் விழுந்த இலைகளைச் சேகரிக்க வேண்டுமாம். நாற்றுமேட்டில் வேலை பார்த்த என்னைத் துரை அவளுக்குத் துணையாக அனுப்பினார்.

இலையைப் பறித்ததும் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடுவாள். நோட்டில் ஏதோ எழுதுவாள். நான் எட்டிப் பார்த்தால் நோட்டை மூடிவிடுவாள். தூறலுக்காக மூடினாளோ என்னவோ, எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் அவள் ஓடையில் கை கழுவப் போன நேரம் நோட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு படம். இருட்டில் ஒரு செடி, வேரிலிருந்து இலை நரம்பு வரை தானாக ஒளிவிட்டது. படத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

சாயங்காலம் தொழிலாளர் லைன் வீட்டில் நாத்தனாரிடம் காட்டினேன்.

"தேயிலையையும் இப்படி எரிய வைக்கப் போறாங்க லா. அப்புறம் ராத்திரியிலயும் கொழுந்து எடுக்கச் சொல்வாங்க."

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. ராத்திரிக்குள் பேச்சு லைன் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட பிறகும் பெண்கள் மலை ஏறவில்லை. "அந்த மிஸ் போனாத்தான் வேலை" என்றார்கள். கங்காணி அவளையே கூட்டி வந்தார். படம் நாத்தனார் கையில் இருந்தது. மிஸ் என்னை ஒரு தடவை பார்த்தாள். யார் எடுத்தது என்று கேட்கவில்லை.

"இது வெளிநாட்டுல செஞ்ச புகையிலைச் செடி, அக்கா. மின்மினிப் பூச்சியோட மரபணுவை உள்ள வச்சிருக்காங்க. ஒரு மருந்து குடுத்தாத்தான் மினுங்கும். அதுவும் ரொம்ப மங்கல். இந்த வெளிச்சத்துல கொழுந்து எடுக்க முடியாது."

"பின்ன எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"செடிக்குள்ள எந்த மரபணு எப்ப, எங்க வேலை செய்யுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. இந்த மின்மினி மரபணுவை அதோட சேத்துவிட்டா, அது வேலை செய்யற இடம் மினுங்கும். நோய் வந்தா தேயிலைக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருநாள் அப்படிப் பாக்கணும்."

நாத்தனார் விடவில்லை. "துரைங்க இதை வச்சு வேற எதுவும் பண்ண மாட்டாங்கன்னு சொல்லு பாப்போம்."

மிஸ் யோசித்தாள். "அதை என்னால சொல்ல முடியாதுக்கா."

"இவ பொய் சொல்லல லா" என்றாள் நாத்தனார். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடையை மாட்டினாள். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

மதியம்தான் மிஸ்ஸிடம் சொல்ல எனக்கு வாய் வந்தது. "நான்தான் எடுத்தேன்."

"தெரியும். கேட்டிருந்தா காட்டியிருப்பேனே" என்றாள், கோபமே இல்லாமல்.

ஏன் கோபப்படவில்லை என்று அதையும் சந்தேகப்பட்டேன். வேலை முடிந்து அவள் கீழே ரிங்லெட் டவுனுக்குப் போகும் லோரியில் ஏறிய நாள்வரை அந்தச் சந்தேகம் போகவில்லை.