வேலை வேண்டாம் என்று வந்த அஞ்சலையம்மா

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலைச் சாப்பாடு முடிந்து எங்கள் விடுதியின் விருந்தினர்கள் அருவி பார்க்கக் கிளம்பிப் போயிருந்த நேரம், வடக்கனந்தலிலிருந்து பச்சையம்மாள் போன் செய்தார். "கண்டக்டரய்யா, அக்கா போயிட்டாங்க" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. பச்சையம்மாளுக்கும் அவரோடு நடவு நடும் பெண்களுக்கும் ஒரே அக்காதான். நடவுக் கோஷ்டியின் தலைவி அஞ்சலையம்மா. சமையலறையில் இருந்த என் மனைவி ராமாயியிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். முன்கூடத்துக்கு வந்து, விருந்தினர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

அஞ்சலையம்மாவை அறிந்தவர்கள் இரண்டு வகை. வடக்கனந்தல் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் அவரை வரப்பில் பார்த்தவர்கள். அவர் கோஷ்டி இறங்கினால் நாற்று கோணாது, பேச்சும் நிற்காது என்று சொல்வார்கள். இன்னொரு வகை, எங்கள் விடுதிக்கு வந்துபோகும் கடலோரத்துக்காரர்கள். இங்கே ஒரே மேசையில் அவரோடு சாப்பிட்டவர்கள். இரு தரப்பாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடம் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே பேருந்தில் நின்றுகொண்டே பிழைத்த நடத்துநர் நான். ஓய்வு பெற்றதும் வெள்ளிமலைக்கு வெளியே எங்கள் நிலத்தில் நான்கு அறை கட்டி, 'தங்கும் விடுதி' என்று பலகை மாட்டினேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் குளிரைப் பார்ப்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக வருவார்கள். பூட்டைத் திறந்து அறையைக் காட்டுவது, வழி சொல்வது, வாயடிப்பது எல்லாம் என் பொறுப்பு. சமைப்பது, துவைப்பது, கழுவுவது, விருந்தினரின் குழந்தைக்கு நள்ளிரவானாலும் பால் காய்ச்சுவது எல்லாம் ராமாயி. ஆனாலும் யாராவது கேட்டால் 'நான் விடுதி நடத்துகிறேன்' என்றுதான் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலையம்மா முதலில் வந்தது பதினோரு வருடம் முன்பு, ஒரு தை மாதம். மதியப் பேருந்திலிருந்து எட்டுப் பெண்கள் ஒயர் கூடைகளோடு இறங்கி எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். என் பேருந்தில் அரிவாளோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் ஏறிய பெண்களை அத்தனை வருடம் பார்த்த பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "களையெடுப்பு எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. இங்க வேலை எதுவும் இல்ல" என்றேன். முன்னால் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. "வேல வேணாம்னுதாங்க வந்திருக்கோம். ரெண்டு நாளு தங்கறதுக்கு ரூமு இருக்குதுங்களா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போய் இரண்டு அறைகளின் பூட்டைத் திறந்தேன்.

எங்கள் பக்கத்தில் கூலி வேலை செய்கிறவர்கள் வெளியூர் போவதென்றால் கோயில், கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வெறுமனே போய்த் தங்கிவிட்டு வருவது என்ற வழக்கமே கிடையாது. தை நடவு முடிந்து களையெடுப்பு தொடங்குவதற்கு நடுவே சில நாள் இடைவெளி இருக்கிறதே, அதில் இரண்டு நாளாவது இவர்கள் வேறொருவர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டும் என்று அஞ்சலையம்மா முடிவு செய்திருக்கிறார். "நாங்க நட்டுட்டு வந்தம்னா பயிரு நாலு நாளு சும்மாதான் நின்னுகினு இருக்கும், வேரு புடிக்கணும் இல்ல. எங்களுக்கும் அப்டி ஒரு நாலு நாளு வேணாமா?" என்று கேட்டார்.

முடிவு செய்வது சுலபம், சும்மா இருப்பது அவ்வளவு சுலபமில்லை. மறுநாள் விடியும்போது நான் எழுந்து பார்த்தால் வாசல் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறது. பச்சையம்மாள் மிளகாய்ப் பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்குகிறார். இரண்டு பேர் சமையலறையில் புகுந்து ராமாயிக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் என் கொட்டகைக் கூரையைக் கூட விட்டுவைக்காமல் ஒட்டடை அடிக்கிறார். காசு கொடுத்துத் தங்க வந்தவர்கள் என் வீட்டு வேலையை முடித்துவிட்டார்கள் என்று நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தபோது அஞ்சலையம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். அத்தனை பேரையும் வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார். "கைய மடியில வச்சிக்கினு உக்காருங்க. ஒரு மணி நேரம் ஆவறவரிக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றார். அதுதான் தண்டனை. எதிரே தானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. ஒருவர் சேலை நுனியை முறுக்குகிறார், ஒருவர் கால் நகத்தைப் பிய்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்து, பிறகுதான் மலையைப் பார்க்கவே ஆரம்பித்தார்கள்.

அன்று மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ராமாயி வழக்கம்போல் கதவோரம் நின்றாள். அஞ்சலையம்மா சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு எப்பங்க லீவு?" என்றார். "வூட்டுக்காரிக்கு ஏதும்மா லீவு" என்று சொல்லிச் சிரித்தேன். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ராமாயியும் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் மோரை ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த நான்கு வருடமும் தை நடவு முடிந்ததும் வந்தார்கள். ஒவ்வொரு வருடமும், கிளம்பும்போது, அஞ்சலையம்மா அதே கேள்வியைக் கேட்டார். நான் ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்றேன். சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள் என்று பயணிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தானே.

ஆறாவது வருடம் அவர் தனியாக வந்தார், பையில்லாமல். வாசலிலேயே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். இந்தத் தடவை கோஷ்டி கடலுக்குப் போகிறது. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் ஒரு விடுதி. மூன்று நாளைக்குச் சொல்லிவைத்தாயிற்று. ஒன்பது பேருக்கு. "எட்டுப் பேருதானே நீங்க?" என்றேன். "ராமாயியோட ஒம்போது" என்றார்.

நான் எகிறினேன். நான்கு அறைக்கும் ஆள் வருகிறது, யார் சமைப்பது, யார் பார்ப்பது, விளையாட்டா இது என்றெல்லாம் பேசினேன். நான் மூச்சு வாங்கியபோது அஞ்சலையம்மா, "அவங்களக் கேளுங்க" என்றார். உள்ளேயிருந்து வந்த ராமாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கடலு பாக்கணும்." கடற்கரை ஊர்க்காரர்களுக்கு எத்தனையோ வருடமாகச் சோறு போட்டவள். அவர்கள் அலையைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்டவள். கடலை அவள் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி அதுவரை அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை.

போனாள். முதல் நாளே என் குழம்பைச் சாப்பிட்ட புதுச்சேரிக் குடும்பம், "நாங்களே ஏதாவது பண்ணிக்கவா சார்?" என்று மரியாதையாகக் கேட்டது. புளி எங்கே என்று தெரியாமல் ராமாயிக்குப் போன் செய்தேன். எடுத்தது அஞ்சலையம்மா. "அவங்க லீவுல இருக்காங்க. புளி உங்க வூட்லதான் இருக்கும், தேடுங்க" என்று வைத்துவிட்டார். தேடினேன். பானையில் இருந்தது. என் வீட்டுச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டேன். அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்து நிமிர்கிறாள் என்பதையும் என் இடுப்பு கற்றுக்கொண்டது.

திரும்பி வந்த ராமாயி ஒரு வாரம் கடலைப் பற்றித்தான் பேசினாள். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றார்களாம். அஞ்சலையம்மா தன்னையறியாமல் குனிந்துவிட்டாராம், நாற்றுக் கட்டைப் பிரித்துக்கொண்டு நடவுக்கு இறங்கியதுபோல. பெண்கள் கேலி செய்ய, நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வெவரம் தெரிஞ்ச நாளா தண்ணியில எறங்கினா குனியத்தானடி தெரியும். தண்ணியில நிமிந்து நிக்கறது இதான் மொத தபா" என்றாராம். சொல்லிவிட்டு, அலை நனைக்க நனைக்க, வெகுநேரம் அப்படியே நின்றிருக்கிறார்.

அதன்பின் வருடா வருடம் கடல்தான், வருடா வருடம் ஒன்பது பேர். போன ஐப்பசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தோம். உடம்பு பாதியாகியிருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "இப்பதான் நல்லாப் படுத்து ரெஸ்டு எடுக்கறீங்க" என்றேன். "இங்க கெடக்கறதெல்லாம் லீவுல சேத்தி இல்லிங்க, கண்டக்டரய்யா" என்றார். பிறகு ராமாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தையில நீ கூட்டிக்கினு போ. நான் இல்லன்னு இவளுங்க வூட்லியே கெடந்துடுவாளுங்க."

அவர் சொன்னதுபோலத்தான் நடந்தது. பதினாறாம் நாள் காரியத்தின்போது பெண்கள் எல்லோரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இல்லாமல் எப்படிப் போவது, இந்த வருடம் வேண்டாம் என்று பேச்சு வந்தது. ராமாயி கூட்டத்தில் வாய் திறக்காதவள். அன்று எழுந்து நின்றாள். "நடவு முடிஞ்ச மறுநாளு, மொத பஸ்ஸு. வராதவங்க இப்பவே சொல்லிடுங்க" என்றாள். வரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. அஞ்சலையம்மாவின் மருமகள், "நானும் வரலாமாக்கா?" என்று கேட்டாள்.

இதை எழுதும்போது அவர்கள் பரங்கிப்பேட்டையில் இருக்கிறார்கள். இன்று காலை நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது ராமாயி போன் செய்தாள். என்ன ஆயிற்றோ என்று பதறி, "இன்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல. சும்மாதான் பண்ணேன்" என்றாள். அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை, வந்தவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. "சத்தம் கேக்குதா?" என்று போனைக் கடல் பக்கம் நீட்டினாள். கேட்டது. கரண்டியும் கையுமாக நெடுநேரம் நின்றிருந்தேன். இத்தனை வருடத்தில் காரியம் எதுவும் இல்லாமல் என் மனைவி எனக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. அஞ்சலையம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது. இதை வைத்துக்கொள்கிறேன்.