ஏழு நிமிடம் கேரட் கழுவியவள்

என் மனைவி ஒரே ஒரு படத்தில் நடித்தாள். பேய்ப்படம். அதில் அவள் வந்தது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தைப் படத்திலிருந்து வெட்டச் சொன்னவன் நான்.

எனக்கு வாய் கெட்டது. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். மன்னவனூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படம் எடுத்த பையன் கொடைக்கானல்காரன். கல்யாண வீடியோ எடுப்பவன். கூட வந்தது நாலே பேர், ஒரு கேமரா, ஒரு வாடகை ஜீப். எங்கள் தோட்டத்து வீடு பழசு, மூடுபனியாய் மஞ்சு இறங்கினால் பாதி வீடு தெரியாது. அதுதான் அவனுக்குப் பிடித்துப்போனது. ஊருக்குப் புதிதாக வரும் சர்வேயர் ஒருவன் தினமும் சன்னல் வழியாக ஒரு பெண் கேரட் கழுவுவதைப் பார்க்கிறான். அவள் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று கடைசியில் தெரியவருகிறது. கதை அவ்வளவுதான். நடிக்க வருவதாகச் சொன்ன பெண் பண்ணைக்காட்டில் பஸ்ஸை விட்டுவிட்டாள். தொட்டியில் எங்கள் கேரட் கிடந்தது. பையன் என் மனைவியைப் பார்த்து, "அக்கா, நீங்க எப்பவும் போலக் கழுவுங்க, அது போதும்" என்றான்.

எங்கள் பக்கத்தில் மெஷின் இல்லாத வீடுகளில் கேரட்டைக் காலால்தான் கழுவுவோம். தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, குறுக்கே கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். மண் கரைந்து தண்ணீர் கலங்கும். அதை வடித்துவிட்டு மறுபடி விட வேண்டும். தண்ணீர் தெளிகிறவரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் மண் தோலில் பிடித்துக் கறுத்துவிடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அதை அனுப்பினால் மூட்டையை அவிழ்த்ததும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

பையன் ஒரு நிமிடம் எடுத்துவிட்டு 'கட்' என்றான். அவள் நிறுத்தவில்லை. மறுபடியும் சொன்னான். அவள் நிமிராமலே, "இருங்க தம்பி, தண்ணி இன்னும் தெளியல" என்றாள். அவனும் கேமராவை அணைக்காமல் விட்டுவிட்டான். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அவள் தலையைத் தூக்கினாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள். முகத்தில் விழுந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கினாள். அந்தக் காட்சி ஏழு நிமிடம் நீண்டதற்கு வேறு ஒரு காரணமும் கிடையாது.

நான் அன்றைக்கு வரப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ படம் எடுப்பதற்காக அவள் பனித்தண்ணீரில் நிற்கிறாளே என்று கோபம். வேலை முடிந்ததும் வீட்டுப் பின்னாலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று தடவை கூப்பிட்டாள். காதில் விழாதவன் மாதிரி நின்றேன்.

படத்தை எந்தத் தியேட்டரும் எடுக்கவில்லை. இணையத்தில் போட்டான். போனில் இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தோம். அவளுடைய காட்சி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தொட்டி ஓரத்தில் கிடந்த சாக்கைப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டி வைத்திருக்கலாம் என்றாள்.

அதற்கப்புறம்தான் படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். 'நான் பல் தேய்த்து, குளித்து, டீ குடித்துவிட்டு வந்தேன், இந்த அக்கா இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார்' என்று ஒருவன். கேரட் பொரியல் எப்போது வரும் என்று ஒருவன். பேய் வருமா, இல்லை விவசாய நிகழ்ச்சியா என்று ஒருவன். எத்தனையாவது நிமிடத்துக்குத் தாண்டிப் போகலாம் என்று ஒருத்தி கணக்குச் சொல்லியிருந்தாள். அந்தக் கணக்குக்காக எத்தனையோ பேர் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மெதுவான படம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் பார்க்காதீர்கள் என்று இரண்டு மூன்று பேர் சண்டை பிடித்திருந்தார்கள். வேலை முடியாமல் தன் அம்மாவும் இப்படித்தான் நிமிர மாட்டார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. என் கண் நின்றது வேறொன்றில். 'பேயே தேவையில்லை, இந்த அம்மா மூஞ்சியே போதும்.' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

மறுநாள் டீக்கடையில் ஒருவன், "ஏலே, ஒம் பொண்டாட்டி செத்து வருசக்கணக்காச்சாமே, நீ யாருகூடலே குடும்பம் நடத்துற?" என்றான். கடையே சிரித்தது. நான் கிளாஸை வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். கொடைக்கானலில் நாயுடுபுரத்தில் இருந்த அந்தப் பையனின் அறைக்குப் போய், என் மனைவியின் முகம் அந்தப் படத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் கேமராவை உடைப்பேன் என்று கத்தினேன். அவன் மறுத்துப் பேசுவான் என்று நினைத்திருந்தேன். அவன் மறுக்கவில்லை.

"நானே அத வெட்டத்தான்ணே யோசிச்சிட்டிருந்தேன். எல்லாரும் லெங்த்னுதான் சொல்றாங்க" என்றான்.

இரண்டு நாளில் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். பழையதோடு சேர்ந்து கீழே எழுதியிருந்ததெல்லாம் போய்விட்டது. யாரோ தன் அம்மாவைப் பற்றி எழுதியதும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரிய காரியம் செய்தவன் மாதிரிதான் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும்.

அடுத்த மழைக்கு இருமல் வந்தது. குளிரில் வருவதுதானே என்று மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். கேரட் எடுக்கிற நேரம் என்று நாள் தள்ளினோம். திண்டுக்கல்லில் காட்டியபோது நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். நாற்பது நாள் தாங்கவில்லை.

காரியம் முடிந்த அன்று என் மகள் கேட்டாள். அவளைக் கீழே வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

"அம்மா நடக்குற மாதிரி, பேசுற மாதிரி ஏதாச்சும் இருக்காப்பா? போட்டோ எல்லாம் வெறச்சுப்போய் நிக்குது."

அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வீடியோ எடுத்ததில்லை. என் மனைவி கையை அசைத்து, முடியை ஒதுக்கி, கண்ணைத் தூக்கிப் பார்த்தது உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருந்தது. அதை நான் மிரட்டி அழித்திருக்கிறேன். மகளிடம் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நாயுடுபுரத்துக்கு மறுபடி போனேன். வெட்டியது எங்கே என்று கேட்டேன். அடுத்த கல்யாணத்துக்கு ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றான். நான் என்னென்ன பேசினேன் என்று எழுத எனக்கே கூசுகிறது. தப்பு என்னுடையது என்று தெரிந்தேதான் அவனை ஏசினேன். "அண்ணே, ஒண்ணு மட்டும்..." என்று ஏதோ சொல்ல வந்தான். கேட்காமல் கதவை அறைந்துவிட்டு வந்துவிட்டேன். புதுப்படத்தையும் பார்க்கவில்லை. அவள் இல்லாத படத்தில் எனக்கு என்ன சோலி.

தனியாக வெள்ளாமை பார்க்க முடியவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நாயுடுபுரத்திலேயே ஒரு காட்டேஜில் வாட்ச்மேன் வேலைக்கு வந்தேன். வருகிறவர்களுக்கு வெந்நீர் போடுவது, விறகு வைப்பது, கேட் திறப்பது.

போன மாதம் மதுரையிலிருந்து இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும் வந்தார்கள். மதியத்துக்கு மேல் ஏரி தெரியாத அளவுக்கு மஞ்சு. வெளியே போக வழியில்லாமல் டிவியில் படம் போட்டார்கள். இந்தப் பக்கம் எடுத்த படமாம். நான் விறகுக் கட்டோடு உள்ளே போனபோது ஒரு பையன், "ஒண்ணுமே நடக்கலையேடா, ஒரு மணி நேரமா சன்னலையே காட்றான்" என்று சலித்துக்கொண்டிருந்தான். திரையில் எங்கள் வீட்டுச் சன்னல். வெளியே எங்கள் தொட்டி. தொட்டியில் யாரும் இல்லை. வெறும் மஞ்சு. நான் திரும்பிப் போகத்தான் பார்த்தேன்.

"ஏங்க... வெரசா வாங்க. சோறு ஆறிக் கெடக்கு."

"இந்தா வர்றேன்" என்றேன்.

விறகு கீழே விழுந்தது. ஒரு பெண் அலறிக்கொண்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தாள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். சலித்துக்கொண்ட பையன் முதலில் சிரித்தான்.

"செம பயம் காட்டுறீங்கண்ணே. இதுக்குத் தனியா சம்பளமா?"

"அது என் வீட்டுக்காரிப்பா" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. அலறிய பெண் மெதுவாகக் காலை இறக்கிவிட்டு, அவங்க இப்போது எங்கே என்று கேட்டாள். சொன்னேன். வெட்டச் சொன்னதையும் சொன்னேன். முகம் இருக்கக் கூடாது என்றுதானே நான் சொன்னேன். காட்சியை வெட்டியதும் அந்த இடம் காலியாக இருந்திருக்கும். அன்றைக்கு அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது, கேமரா அணைவதற்கு முன் அதில் பதிந்திருக்கிறது; அந்தச் சத்தத்தை எடுத்து அங்கே வைத்திருக்கிறான். நான் ஏசப் போன அன்றைக்கு அவன் சொல்ல வந்தது இதுதான். நான்தான் கதவை அறைந்தேன்.

அந்தப் பெண் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். நான் விறகைக்கூடப் பொறுக்காமல் நின்றேன். மூன்றாவது தடவை, 'வாங்க'வுக்கு அப்புறம் அவள் லேசாகச் செருமுவது கேட்டது. அப்போதே இருமல் இருந்திருக்கிறது.

பையன் போனில் கீழே எழுதியிருப்பதைப் பார்த்தான். "எல்லாரும் இந்த எடத்தத்தான்ணே சொல்லிருக்காங்க. படத்துலயே பயங்கரமான எடம் இதுதானாம்." ஒருத்திக்கு இந்தக் குரலைக் கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். சாப்பிடத்தான் கூப்பிடுகிறாள், அதற்கு எதற்கு இவர்கள் பயப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் போகவில்லை என்பதாலா?

அந்தப் பெண் குரலை மட்டும் என் போனில் பதிந்து கொடுத்தாள். நான் மகளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். முதலில் மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது. அப்புறம், "உங்களத்தானப்பா கூப்பிடுது?" என்றாள்.

"ஆமா."

"போனீங்களா?"

கேமராவெல்லாம் ஏற்றி ஜீப் போன பிறகுதான் அன்றைக்கு நான் வீட்டுக்குள் போனேன். ஆறிப்போன சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்றேன். அவள் அதற்குள் சாக்குத் தைக்கப் போயிருந்தாள்.

போனேன் என்று மகளிடம் சொன்னேன்.