டியூக் கனைக்கக் கூடாது

குதிரைக் கொட்டகைக்குள் காலை வைக்குமுன் குதிரைக்காரப் பெரியதம்பி தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பார். மனசுக்குத் திருப்தியில்லை என்றால் மறுபடியும் குழாயடிக்குப் போய்விடுவார். சின்னத்துரையின் பெண் குதிரையைத் தேய்த்துவிட ஒரு சட்டை, பெரியதுரையின் டியூக்கைத் தொட இன்னொரு சட்டை. இரண்டுக்கும் நடுவில் சவுக்காரம் போட்டு ஒரு தலைமுழுக்கு. மாமா பொண்ணு பார்க்கப் போகிறாரா என்று குழாயடிப் பெண்கள் சீண்டுவார்கள். "பொண்ணு வாடை இருக்கக் கூடாதுன்னுதாம்மா குளிக்கிறேன்" என்பார் சிரிக்காமல்.

டியூக் காயடித்த குதிரை. அதை யாராவது டியூக்கிடம் அல்லவா சொல்ல வேண்டும்! பெண் குதிரை தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து கழுத்தை வளைப்பதென்ன, மண்ணைப் பறிப்பதென்ன, வாடை பட்டால் லயத்து வீடுகளே அதிரக் கனைப்பதென்ன! "கத்தி ஒடம்பத்தானே வெட்டுச்சு, நெனப்ப வெட்டலியே" என்பார் பெரியதம்பி. கொள்ளைக் குறைத்தார். கொட்டகையை மாற்றினார். தினமும் வேர்க்க வேர்க்க நடத்தினார். பாதி அடங்கியது.

மீதிப் பாதிதான் ஆபத்து. செலண்டார் பக்கம் வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலக் கெடுபிடி உச்சத்தில் இருந்த வருடம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, காட்டுக்குள் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரையைச் சுட்டுப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. லாரி ஏறாத மேட்டுப் பகுதிக்குப் பெரியதுரை டியூக்கில்தான் போவார்; பெரியதம்பி கூடவே நடப்பார். ஒரு நாள் அங்கே அது கனைத்துத் தொலைத்துவிட்டது. இன்னொரு தடவை கனைத்து இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தால் அங்கேயே சுட்டுவிடுவேன் என்றார் துரை. சொன்னால் செய்கிற ஆள். நாலு வருஷம் தன் கையால் தீனி வைத்து வளர்த்த பெரியதம்பிக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

கற்பூரத் தைலத்தைக் குதிரையின் மூக்கோரம் தடவினால் வேறு வாடை ஏறாது. ஆனால் காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று மருந்துப் புட்டியை வாசல் தாண்ட விடமாட்டார்கள். அதனால் மனுஷன் தலைத்துண்டைத் தைலத்தில் நனைத்துக் கட்டிக்கொண்டு போகப் பழகினார். மேட்டுக்குப் போனதும் அவிழ்த்து டியூக்கின் மூக்கில் ஒத்துவார்.

அன்று வாசலில் புதுக் காவலாளி மணியம் மோப்பம் பிடித்துவிட்டான். "மருந்து வாசன வருதுலா. துண்ட வச்சிட்டுப் போங்கண்ணே." துரை குதிரைமேல்தான் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது, குதிரை இன்னும் அடங்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! பெரியதம்பி துண்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

மேட்டில் துரை இறங்கி, காவலர்களோடு ரப்பர் மரங்களில் பால் வெட்டியிருப்பதைப் பார்க்கப் போனார். கடிவாளம் பெரியதம்பி கையில். காற்று திரும்பியது. கீழே பாதையில் சின்னத்துரை பெண் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். டியூக்கின் காது நிமிர்ந்தது, மூக்கு விரிந்தது. அடிவயிற்றிலிருந்து கனைப்பு கிளம்புவது கடிவாளம் வழியாகவே கைக்குத் தெரிந்தது. வேறென்ன செய்வார் பாவம்? சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முன்கையை அதன் வாய்க்குள் கொடுத்தார்.

"கடிடா சாமி. கனைக்காத" என்றார் காதோரமாக.

கடித்தது. கீழே குளம்புச் சத்தம் ஓயும்வரை விடவில்லை. அவரும் கையை இழுக்கவில்லை.

துரை திரும்பி வந்து, இன்று சாதுவாக இருக்கிறதே என்று டியூக்கின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "ஆமாங்க தொர" என்ற பெரியதம்பி, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.