பறக்காத விமானத்தில் ஒரு கோடு

மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இடது பக்கத்தில் அந்த வெள்ளைக் கோடு. நகத்தளவு நீளம். அத்தான் மரத்தில் செதுக்கிய ஜெட் விமானம், லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் அறைக் கூரையிலிருந்து தூண்டில் நூலில் தொங்குகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில், வீட்டுக் கிணற்றடியில், விமானக் குண்டுக்கு அக்கா பலியான பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் வந்து சேர்ந்தார். பெட்ரோல் நிலையத்தில் வேலை. வேலை முடிந்தால் நூலகத்து விமானப் புத்தகங்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மானியர் வரைந்து, கட்டாமலே விட்ட ஜெட் போர் விமானங்களை மட்டும் தேடிப் படித்தார். குண்டு போட வருகிறவற்றை வானத்திலேயே விழுத்துவதற்காக வரையப்பட்டவை அவை. எந்த ஆட்சிக்காக வரைந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால், அவற்றில் ஒன்றை மரத்தில் செதுக்கியபோது இறக்கையில் ஜெர்மன் சிலுவையைத் தீட்டவில்லை. "எங்களுக்கு மேலை இப்பிடி ஒண்டும் எழும்பேல்லையடா" என்பார்.

ஸ்ட்ரெதமில் மாதிரி விமானங்களுக்கான போட்டி ஒன்றுக்கு அதைக் கொண்டுபோனோம். நடுவர் முதிய ஆங்கிலேயர். சிறுவயதில் ஜெர்மன் குண்டுக்குத் தம் வீட்டை இழந்தவர். இருந்தவற்றில் இதுவே நேர்த்தி என்றார். பிறகு கோட்டைக் காட்டினார். எதிரி விமானம் ஒன்றை விழுத்தினால் விமானி போடுகிற அடையாளம் அது. கட்டப்படாத விமானம் எதை விழுத்தியது என்று கேட்டார். அதை அழித்தால் முதல் பரிசு தரலாம் என்றார். அத்தான் விமானத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பஸ்ஸில் நான்தான் கேட்டேன். "அழிச்சிருந்தால் கப் கிடைச்சிருக்குமே, அத்தான்?"

"அந்தக் கப்பிலை தேத்தண்ணியும் குடிக்க ஏலாது."

பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அந்தக் கோடு உன்ர அக்காவுக்குக் குண்டு போட்டவன்ர பிளேன். அவன்ர பேர் தெரிஞ்சிருந்தால் பேரையும் எழுதியிருப்பன்" என்றார்.

"ஒரு கோடு போதுமே?"

"எனக்கு அவன் ஒருத்தன்தான் வேணும்."

அந்தப் பெயர் தெரியாமலே அத்தான் கண்ணை மூடிவிட்டார். ஆண்டுகள் ஆனால் ஆறிவிடும் என்று கோயிலில் சந்திப்பவர்கள் எனக்குச் சொல்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். ஞாயிறுதோறும் விமானத்தைத் தூசி தட்டுகிறேன். வெள்ளை மங்கினால் மெல்லிய தூரிகை எடுத்து, அதே இடத்தில், அதே நீளத்தில் மறுபடி தீட்டுகிறேன்.